பழம் வெட்டுகிறவர் கையிலும் ஒரு கணக்கு இருக்கட்டும்

ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, இன்று இங்கேயும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

டவுனில் கடைவீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுக்கப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும், சம்பளம் போடும் வாரத்தில் இரண்டு நாள் இரவிலும் அது திறந்திருக்கும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர் எவரும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், சம்பளச் சிட்டையை எடுத்துக்கொண்டு வரலாம். உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். குறைந்திருந்தால் புகாரை எழுதிக் கொடுத்து, தெலுக் இந்தான் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூடவே போவோம். இதற்காகத்தான் உங்களிடம் நன்கொடை கேட்கிறோம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு அது ஆகஸ்டில் வந்தது. டன் கணக்கில், குலைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் அந்த வரம்பு உண்டு. 2023லிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. அடுத்தவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் வழக்குப் போட வக்கீல்கூடத் தேவையில்லை.

ஆனால் வழக்கு என்று போய் உட்கார்ந்ததும் வருகிற கேள்வி ஒன்றுதான்: எத்தனை நாள் வேலை செய்தீர்கள், எவ்வளவு வெட்டினீர்கள், அது எதில் எழுதியிருக்கிறது? குலையை எண்ணுவது வேலையை மேற்பார்க்கும் மண்டோர். எழுதுவது தோட்டத்துக் கணக்கரான கிராணி. பழுக்காததை வெட்டியதாக, காய்வெட்டு என்று கழிப்பதும், உதிரிப் பழம் பொறுக்கவில்லை என்று பிடிப்பதும் அவர்கள் புத்தகத்தில்தான் ஏறுகிறது. வெட்டியவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நேர்மையாக எழுதும் கிராணிகள் நிறைய உண்டு, அதை மறுக்கவில்லை. அப்படி இல்லாத இடத்தில் தொழிலாளி என்ன செய்வார் என்பதுதான் எங்கள் கவலை.

குத்தகை வேலையில் இது இன்னும் மோசம். தோட்ட நிர்வாகம் ஒரு குத்தகையாளரிடம் வேலையைக் கொடுக்கிறது, அவர் இன்னொருவரிடம் கொடுக்கிறார், அந்த இன்னொருவர் வேனில் ஆள் ஏற்றி வருகிறார். எங்களிடம் வந்த ஓர் அக்கா பத்து வருஷத்துக்கு மேல் இப்படித்தான் களைக்கொல்லி மருந்து அடித்தார். முதுகில் மருந்துத் தோம்பு, முகத்தில் ஒரு துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. நம் நாட்டில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 தொடக்கத்தில்தான் தடை செய்யப்பட்டது; அதற்கு முந்தைய வருஷங்களில் என்ன அடித்தோம் என்றே அவருக்குத் தெரியாது. கண் பார்வை மங்கிய பிறகு சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு வந்தார். அவர் பெயரில் சந்தா எதுவும் கட்டப்படவில்லை. சேமநிதியும் இல்லை. சம்பளம் எப்போதும் கையில், சிட்டை இல்லாமல். அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தார் என்று காட்டக்கூட அவரிடம் எதுவும் இல்லை. கூட வேலை செய்தவர்கள் பாதிப் பேர் ஊர் மாறிவிட்டார்கள், மீதிப் பேர் பயப்படுகிறார்கள். அவருக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம்.

1955 வேலைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு பலருக்குத் தெரிவதில்லை. குத்தகையாளர் சம்பளம் தராமல் போனால், வேலையை அவரிடம் ஒப்படைத்த நிறுவனமும் மூன்று மாதச் சம்பளம் வரை பொறுப்பு. ஆனால் அந்த நிறுவனத்தின் மேல் பொதுவாக 90 நாளுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். விஷயம் தெரிந்து, பஸ் பிடித்து, லீவு கேட்டுப் போவதற்குள் அந்த 90 நாள் ஓடிவிடுகிறது. அறை நம் டவுனிலேயே இருக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

இங்கே வெட்டும் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அங்கிருந்து சுத்திகரிப்பு ஆலை, கப்பல், அப்புறம் எங்கோ ஒரு நாட்டில் சோப்பு, பிஸ்கட், உடனடி மீ. வாங்குகிற கம்பெனிகள் இப்போது தொழிலாளர் நிலையைக் கேட்கின்றன. 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை, கட்டாய உழைப்பின் அறிகுறி இருக்கிறது என்று சொல்லி நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமும் கட்டாய உழைப்பில் உருவான பொருள்களை 2027 டிசம்பரிலிருந்து சந்தையில் விடப்போவதில்லை. உலகத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அறிகுறிகளில் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும், சம்பளத்தை நிறுத்தி வைப்பதும், கடனில் மாட்டி வைப்பதும் அடங்கும். தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்ப்பது ஆபீஸ் புத்தகத்தை. தொழிலாளியிடம் சொந்தமாக ஒரு நோட்டு இருந்தால் அவர்கள் அதையும் பார்ப்பார்கள். அதனால் அறையோடு ஒரு பாக்கெட் நோட்டும் அச்சடிக்கிறோம்: தேதி, பீல்டு எண், குலை, உதிரி, பிடித்தம். தமிழ், மலாய், வங்காளி, நேப்பாளி என்று நான்கு மொழியில்.

வங்காளதேசிக்கும் இந்தோனேசியருக்கும் நம் பணம் எதற்கு என்று சிலர் நேரிலேயே கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை, பதிலும் சொல்ல வேண்டும். நம் தாத்தா பாட்டிகளைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து, கடன்காரராக்கித்தான் கப்பல் ஏற்றினார்கள். இன்று ஏஜெண்டுக்கு நிலத்தை விற்றுக் கட்டிவிட்டு வருகிறவர் அதே இடத்தில்தான் நிற்கிறார். இன்னொன்றும் உண்டு. பக்கத்து நிரையில் வெட்டுகிறவருக்குக் குறைத்துக் கொடுக்க முடிந்தால், நம் பிள்ளைக்கு யார் கூட்டிக் கொடுப்பார்கள்?

கூட்டாகப் பணம் போடுவது நமக்குப் புதிதும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தபோது, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் போட்ட பங்குப் பணத்தில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். நாங்கள் கேட்பது அதில் தூசி அளவு.

ஒரு வருஷத்துக்கு 15,000 வெள்ளி தேவை. அறை வாடகை மாதம் 450 வீதம் 5,400. பழைய போட்டோஸ்டேட் இயந்திரம் 1,800. ஆயிரம் நோட்டு அச்சடிக்க 2,500. மீதி 5,300 வேன் செலவுக்கும், வழக்குக்காக வேலைக்குப் போகாத நாளின் சம்பளத்துக்கும். இந்தக் கடைசிச் செலவைக் குறைக்கச் சொல்லி எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது, குறைக்கவில்லை. ஒரு நாள் கூலி போனால் வீட்டில் அரிசிக்கு இடிக்கும் என்று நினைத்தே பாதிப் பேர் வழக்கைக் கைவிடுகிறார்கள். குழுவினர் போட்டது 3,200 வெள்ளி கையில் இருக்கிறது. இன்னும் 11,800 வேண்டும்.

குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 சென் வருகிறது. முடிந்தவர்கள் அந்த ஒரு நாள் சம்பளத்தைக் கொடுங்கள். கூடக் கொடுத்தாலும் குறையக் கொடுத்தாலும் ரசீது உண்டு. பணத்தைக் குழு உறுப்பினரிடம் நேரில் மட்டும் கொடுங்கள், ரசீதில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வரவு செலவு மாதா மாதம் அறை வாசலில் ஒட்டப்படும். தோட்ட நிர்வாகங்களிடமும் குத்தகையாளர்களிடமும் நன்கொடை வாங்கமாட்டோம்.

பணம் கொடுக்க வசதி இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து உட்காருங்கள். வங்காளி அல்லது நேப்பாளி பேசத் தெரிந்தவர்கள், ஓய்வு பெற்ற கிராணிகள், மலாயில் கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளைகள், வேன் வைத்திருப்பவர்கள் எல்லாரும் எங்களுக்கு வேண்டும். பழைய சம்பளச் சிட்டை, செக்ரோல் (வேலைநாள் பதிவேடு) நகல், சேமநிதிக் கடிதம் எது வீட்டில் கிடந்தாலும் தூக்கிப் போட்டுவிடாமல் கொண்டு வாருங்கள்.

செயற்குழுவினர்
ஊத்தான் மெலிந்தாங், பேராக்