எங்கள் மிட்வைஃப் மிஸ்ஸுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

நேற்றுப் பின்னேரம் நானும் மகளும் வீட்டுக்கு வந்துவிட்டோம். அவள் இப்போது மாமியின் மடியில் நித்திரை. எனக்குத் தையல் இன்னும் இழுக்கிறது. ஆனாலும் இதை இன்றே எழுதாவிட்டால் பிறகு பால், துணி, நித்திரை என்று நாள் ஓடிவிடும்.

என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும். இரத்தம் கேட்டு அண்ணா போட்ட செய்தி திருகோணமலை முழுக்கச் சுற்றி, கடைசியில் கட்டாரில் என் கணவரோடு ஒரே அறையில் இருக்கும் பெடியனின் போனுக்கே போய்ச் சேர்ந்ததாம். அதனால் அந்தக் கதையை முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஓர் இரவு எனக்குப் பிறஷர் ஏறி, நடுச்சாமத்தில் அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், அவ்வளவுதான். என் பிறஷர் இறங்கிவிட்டது. பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகத்தான் பிறந்தாள், ஆனால் இப்போது தானாகவே பால் குடிக்கிறாள். இரண்டு பேரும் சுகம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குள் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல விடுங்கள். அவர் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். நேரில் நன்றி சொன்னால் "இது என்ர வேலைதானே" என்று ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணிவிடுவார். ஆகவே அவர் தப்பி ஓட முடியாதபடி எழுதி வைக்கிறேன்.

கிளினிக் நாளில் அங்கே போனவர்களுக்குத் தெரியும், வாங்கில் இருக்கவே இடம் கிடைக்காது. நிறை, பிறஷர், சலம், வயிறு எல்லாம் பார்த்து, கார்ட்டில் எழுதி, குளிசை தந்து முடிக்கவே நேரம் போய்விடும். பிறகு கர்ப்பவதிகளுக்கான புத்தகத்தைக் கையில் தந்து "வீட்டை போய் வாசியுங்கோ" என்று சொல்லத்தான் முடியும். ஒரு மிட்வைஃபுக்கு ஏறத்தாழ 3,000 பேர் சனத்தொகை என்பதுதான் நாட்டில் உள்ள கணக்கு. அந்த வெயிலில் வீடு வீடாகத் திரிகிறவரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. நான் முன்பள்ளி ஆசிரியை. எனக்கு வாசிப்பது கஷ்டமில்லை. முதல் கிழமையே அந்தப் புத்தகத்தை முழுக்க வாசித்து முடித்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் மிஸ் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தபடி புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். நான் பாடம் ஒப்புவிக்கத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறொன்று. "இரவில உங்களுக்கு ஏதும் எண்டால், இந்த வீட்டில முடிவெடுக்கிறது ஆர்?"

நான் யோசிக்கவே இல்லை. என் கண் குசினிப் பக்கம் போனது. மிஸ் புத்தகத்தோடு எழும்பி அங்கே போய்விட்டார்.

மாமி நிலத்தில் இருந்து நெத்தலி துப்புரவு செய்துகொண்டிருந்தார். மாமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தம்பி தங்கச்சிமாரைத் தூக்கி வளர்த்தவர். பிறகு இடப்பெயர்வு, முகாம், திரும்ப இடப்பெயர்வு. ஐந்து பிள்ளை பெற்றவர். புத்தகத்தோடு யாராவது பக்கத்தில் வந்தால் அவருடைய முகம் இறுகுவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அன்றும் இறுகியது.

மிஸ் பாயை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். புத்தகத்தைத் திறக்கவில்லை. "அம்மா, நீங்கள் அஞ்சு பெத்தனீங்கள். உங்கட காலத்தில பிள்ளைத்தாய்ச்சி ஆருக்கும் கஷ்டமாய் வந்ததோ?"

முதலில் மாமி, "எங்களுக்கு எங்க பிள்ளை கிளினிக்கும் கார்ட்டும்" என்று வழக்கமான கதையைத் தொடங்கினார். மிஸ் அவசரப்படுத்தவில்லை. ஒரு நெத்தலியை எடுத்துத் தானும் தலை கிள்ளத் தொடங்கினார். அப்புறம்தான் மாமி தன் தங்கச்சியின் கதையைச் சொன்னார். இடம்பெயர்ந்து இருந்த கொட்டிலில் தலையிடி என்று படுத்தவள். முகம் ஊதியிருந்தது, பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் வைக்கிறது வழமைதானே என்று விட்டுவிட்டார்கள். விடியுமுன் வலிப்பு வந்தது. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு ஒரு நாளும் இதை மாமி வாயால் கேட்டதில்லை. கணவரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியாது.

மிஸ் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கையைத் துடைத்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தார். பேனையை எடுத்து ஓரத்தில் கீறத் தொடங்கினார். தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். முன்னால் பொட்டுப் பொட்டாக ஏதோ பறக்கும் ஒரு கண். ஊதின முகமும், மோதிரம் இறுகின விரலும். நெஞ்சுக்குழிக்குக் கீழே பொத்திப் பிடித்த கை. உண்மையைச் சொல்ல வேண்டும், மிஸ்ஸுக்குக் கீறத் தெரியாது. அந்தப் பெண்ணின் தலை பூசணிக்காய் மாதிரி இருந்தது. "இது ஆர் பிள்ளை, நானோ?" என்று மாமி கேட்க மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

பிறகு மிஸ் ஒவ்வொரு படமாக விரலை வைத்துக் கேட்டார். "தங்கச்சிக்கு அண்டைக்கு இது இருந்ததோ?" மாமி தலையாட்டினார். அடுத்தது. அதற்கும் தலையாட்டினார். கண் படத்தில் வந்து நின்றுவிட்டார். "பூச்சி பறக்குது, பூச்சி பறக்குது எண்டு சொன்னவள்" என்றார்.

மற்றதெல்லாம் எனக்கு ஏற்கெனவே வாசித்துத் தெரிந்தவைதான். ஆனால் மிஸ் மாமிக்குச் சொல்வதைப் பக்கத்தில் இருந்து கேட்டபோதுதான் விளங்கியது. பின்னேரத்தில் கால் வீங்குவது நிறையப் பேருக்கு வரும். முகமும் கையும் திடீரென்று ஊதினால் அது வேறு கதை. 20 கிழமைக்குப் பிறகு பிறஷர் 140/90க்கு ஏறி, சலத்தில் புரதமும் போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. சிலருக்கு வெளியில் ஒன்றுமே தெரியாமல் ஏறும், அதனால்தான் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது. "பார்லித் தண்ணி குடுத்துப் பார்ப்பம், விடியட்டும் எண்டு இருக்காதேங்கோ அம்மா. இதில ஒண்டு கண்டாலும் மகனைக் கேட்க வேண்டாம், என்னையும் கேட்க வேண்டாம். 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் வரும், காசு எடுக்க மாட்டினம்."

அன்றிலிருந்து புத்தகம் மாமியின் கைக்குப் போய்விட்டது. இரும்புக் குளிசைக்குத் தேசிக்காய்த் தண்ணீர், அந்த நேரத்தில் தேத்தண்ணிக்குத் தடை, கல்சியம் வேறு நேரத்தில் என்று எனக்குச் சட்டம் போட்டார். பிள்ளையின் துடிப்பை எண்ணும் மாதம் வந்ததும் காலையில் பத்துப் புளியங்கொட்டையை என் பக்கத்தில் வைத்துவிடுவார். ஒரு துடிப்புக்கு ஒரு கொட்டை சிரட்டைக்குள் போக வேண்டும். பத்தும் போகும்வரை வந்து வந்து பார்ப்பார். நாத்தனாரின் கலியாணப் பேச்சைக்கூட மாமி இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை என்று கணவர் போனில் பகிடி பண்ணினார்.

எனக்குத் தலையிடி வந்த அந்த இரவு, முன்பு வாசித்ததில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. தலை வெடித்துக்கொண்டிருக்கும்போது எந்தப் புத்தகம் ஞாபகம் வரும்? மாமி லைற்றைப் போட்டு என் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்து வந்து அந்த ஓரத்தைப் பார்த்தார். "கண்ணுக்குள்ள பூச்சி பறக்குதோ பிள்ளை?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் ஓம் என்று சொல்லி முடிக்குமுன் போனை என் கையில் திணித்து, நம்பரை அடிக்கச் சொன்னார்.

பிறகு வாட்டில் டொக்டர், "நல்ல நேரத்துக்குக் கொண்டு வந்தீங்கள், எப்பிடித் தெரியும்?" என்று மாமியைக் கேட்டாராம். மாமி சொன்ன பதில்: "மிஸ் கீறித் தந்தவ." டொக்டருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

வாட்டில் படுத்திருந்தபோது இந்தக் கொப்பி, கார்ட் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று போனில் தேடி வாசித்தேன். ஜப்பானில் 1948 முதல் தாய்க்கும் பிள்ளைக்குமாக ஒரு கைநூல் கொடுக்கிறார்கள், அதைப் பார்த்துப் பல நாடுகள் பின்பற்றின. எங்கள் நாட்டில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபோதே மருத்துவமாதுகள் வீடுகளுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். வீடு தேடி வரும் வழக்கம் இத்தனை வருடமாக இருக்கிறது என்பதால்தான் மிஸ் எங்கள் குசினிக்குள் வந்தது யாருக்கும் புதினமாகத் தெரியவில்லை. அவர் யாருக்குப் பக்கத்தில் போய் இருந்தார் என்பதுதான் எனக்குப் புதினம். கர்ப்பவதியின் புத்தகம் என்றால் கர்ப்பவதிக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் அந்த முடிவு மாமியிடமும் அம்மாவிடமும், கடலுக்குப் போன புருஷனிடமும் இருக்கிறது! அச்சடிக்கிற பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த பதிப்பில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரத்தில் வெற்றிடமும் விடுங்கள். மிஸ்மாருக்குக் கீற இடம் வேண்டும்.

சரி, மற்றவர்கள். நடுச்சாமத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் பின்பக்கமாக அம்புலன்ஸை விட்ட சாரதிக்கும், வழி முழுக்க என் கையை விடாமல் பேச்சுக் கொடுத்த தம்பிக்கும். வேலிக்கு மேலால் டோர்ச் அடித்து வழிகாட்டிய அயலவர்களுக்கும். திருகோணமலை ஆஸ்பத்திரி டொக்டர்மார், தாதிமார், பிள்ளையை நெஞ்சோடு கட்டி வைக்கப் பழக்கிய மிஸ், வாட்டுக் கூட்டின அக்காமாருக்கும். நிலாவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் இரத்தம் கொடுக்க வந்து, பேர் சொல்லாமலே போனவர்களுக்கும். பக்கத்துக் கட்டிலில் இருந்து, எனக்குச் சிங்களம் வராது, தனக்குத் தமிழ் வராது என்று தெரிந்தும் இரவிரவாகக் கதைத்துக்கொண்டிருந்த கந்தளாய் அக்காவுக்கும். மூதூரிலிருந்து மகளுக்குக் கொண்டு வந்த கஞ்சியில் பாதியை மாமியின் கோப்பையில் ஊற்றிய உம்மாவுக்கும். பத்திரகாளி அம்மனுக்கு எனக்காக நேர்ந்து வைத்துவிட்டு இப்போது என்னிடமே பில் காட்டும் சித்திக்கும்: எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. பிள்ளையின் முப்பத்தோராம் நாளுக்கு வாருங்கள். சமைக்க மாட்டேன், சாப்பாடு நிச்சயம்.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் இளஞ்சிவப்பு மட்டைப் பதிவேடு தந்திருக்கிறார்கள். அதில் ஊசி போடும் திகதிகளும் நிறை வளரும் கோடும் இருக்கின்றன. மாமி நேற்றே அதைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார். அதை வாசித்துக் காட்டச் சொல்லி என்னைக் கேட்டார். கேட்டது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். வாசிப்பதோடு எழுத்தும் காட்டிக்கொடுக்கலாம் என்று எனக்குள் ஒரு திட்டம். அதை மாமியிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் ஓடிவிடுவார்.

மிஸ், இந்தக் கிழமை நீங்கள் எங்களைப் பார்க்க வரும்போது ஒரு புதுப் புத்தகமும் பேனையும் கொண்டு வாருங்கள். நாலாம் வீட்டுப் பிள்ளைக்கு இப்போது ஏழாம் மாதம். மாமி என் புத்தகத்தோடு அங்கே ஏற்கெனவே ஒருமுறை போய், அந்தப் பிள்ளையின் மாமியாரை இருத்தி வைத்து எல்லாம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். இனி நீங்கள் வந்து அவர்களுடைய புத்தகத்தில் கீறுவது மட்டும்தான் பாக்கி.