இன்றிரவு பிள்ளையின் வாயைப் பாருங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரண்டு வாரமாகக் கன்னத்தில் கைவைத்தபடியே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். பாடம் நடக்கும்போது பார்வை எங்கோ இருக்கும். ஒரு நாள் நான் அந்த வகுப்புக்குப் போயிருந்தபோது, "கவனம் எங்கேம்மா இருக்கு?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் அவளுடைய வகுப்பாசிரியைதான் கவனித்தார். ஒவ்வொரு வாயையும் வலப்பக்கம் ஒதுக்கியே மென்றாள். தண்ணீர் குடிக்கும்போதும் தலையை அதே பக்கம் சாய்த்துக்கொண்டாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் பென்சில் முனை நுழையும் அளவுக்குக் கறுத்த குழி. "ராத்திரிதான் டீச்சர் வலிக்கும்" என்றாள். பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் வீட்டில் மூச்சுவிடவில்லை.

அவளைக் கடிந்துகொண்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இந்தக் கடிதம் யாரையும் குறை சொல்வதற்காக எழுதியதல்ல. அந்தக் குழியை நாங்களும் பார்க்கவில்லை, வீட்டிலும் யாரும் பார்க்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பால்பல் சொத்தையோடு இருக்கும் குழந்தைகள் உலகம் முழுக்க 51 கோடிக்கும் மேல். அத்தனை வீடுகளிலும் அக்கறை இல்லாதவர்களா இருக்கிறார்கள்? பல் தன் நோயை நீண்ட காலம் வெளியே காட்டாது. வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் இருந்துவிடுகிறோம், அது வலிக்கும்போது காரியம் பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும்.

ஏன் அப்படி என்று புரிய, பல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியே தெரியும் வெள்ளைப் பகுதி பற்சிப்பி, எனாமல் என்றும் சொல்வோம். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. அதில் நரம்பு கிடையாது, ரத்தம் கிடையாது, உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது. அதைக் கட்டிய செல்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. உடைந்த எலும்பு கூடிவிடும், சிராய்த்த முழங்காலில் புதுத்தோல் வந்துவிடும், ஆனால் குழி விழுந்த எனாமல் மறுபடி வளராது. அதற்கு உள்ளே இருப்பது டென்டின். சற்று மஞ்சளாக, எனாமலைவிட மென்மையாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் அதற்குள் ஆயிரக்கணக்கில் ஓடி, நடுவில் இருக்கும் பற்கூழை நோக்கிப் போகின்றன. ரத்தக்குழாயும் நரம்பும் இருப்பது அந்தக் கூழில். ஆகவே எனாமல் அரிபடும் வரை பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. டென்டினுக்குள் சொத்தை இறங்கிய பிறகு குளிர்ச்சியும் இனிப்பும் பட்டால் கூசும். கூழை நெருங்கினால்தான் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த விண்விண் வலி.

அந்த வலி சில நாளில் தானாக நின்றும் போகலாம். தயவுசெய்து அதை நம்பி நிம்மதி அடையாதீர்கள். பல்லின் உயிர் போய்விட்டது என்பதே பெரும்பாலும் அதன் அர்த்தம். கிருமி வேர்நுனி வழியாக வெளியே வந்து எலும்புக்குள் சீழ் கட்டத் தொடங்கும். ஈறில் சின்னக் கொப்புளம் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

பேச்சுவழக்கில் "பூச்சிப்பல்" என்கிறோம். பிள்ளைகளும் ஏதோ புழு உள்ளே உட்கார்ந்து குடைகிறது என்றே நினைக்கிறார்கள். பல்லை அரிப்பது புழு என்ற நம்பிக்கையைப் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-லேயே மறுத்து எழுதிவிட்டார். அதற்கும் முன்பு, 1683-இல், டச்சுக்காரரான லீவன்ஹூக் தன் பல்லிடுக்கில் மாவுபோல் ஒட்டியிருந்த வெண்மையான படிவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். அதற்குள் நுண்ணுயிர்கள் கூட்டங்கூட்டமாக நெளிந்துகொண்டிருந்தன. நகத்தால் பல்லின் ஓரத்தைச் சுரண்டினால் வருகிறதே, அதே படிவுதான்.

அந்தப் படிவில் இருக்கும் பாக்டீரியா நாம் தின்னும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் அளவு பி.எச்., அது குறையக் குறைய அமிலம் கூடும். பல்லின்மேல் அது ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலின் தாது கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தை முறித்து, போன தாதுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்க்கும். அதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான். நான்கு மிட்டாயைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்று முடித்தால் பல்லுக்கு ஒரு அமிலக் குளியல். அதே நான்கை மணிக்கு ஒன்றாகக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தால் நான்கு. உமிழ்நீர் சரிசெய்து முடிக்கும் முன்பே அடுத்தது வந்துவிடும். கடைவாய்ப்பல்லின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும் பிஸ்கட், வாய் வாயாக நாளெல்லாம் உறிஞ்சும் பழச்சாறு எல்லாம் இதே கணக்கில் சேரும். தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பால்புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிடாதீர்கள்.

சரி, இன்றிரவு என்ன செய்யலாம்? பிள்ளையின் தலையை மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒரு டார்ச் போதும், கைபேசி வெளிச்சமும் சரிதான். முதலில் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி, சாக்பீஸால் கோடு இழுத்தது போல மங்கலான வெள்ளைத் தடம் இருக்கிறதா? பல்லை ஒரு சுத்தமான துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தாது வெளியேறத் தொடங்கியதற்கு அதுவே அடையாளமாக இருக்கலாம். இன்னும் குழி விழவில்லை. இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்துவிட்டால், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டும் இடைத்தீனிக் குறைப்பும் சேர்ந்து சொத்தையைத் தடுத்து நிறுத்தவும் பின்வாங்கச் செய்யவும் முடியும். நான் இந்தக் கடிதம் எழுதுவதே முக்கியமாக இந்த ஒரு வெள்ளைக் கோட்டுக்காகத்தான். பழுப்பாகிக் குழி தெரிந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பெற்றோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முன்பற்களின் நடுவிலிருந்து ஒரு பக்கமாகப் பின்னோக்கி எண்ணுங்கள். விழுந்த பல் இருந்தால் அந்த இடைவெளியையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பால்பற்கள் மொத்தம் 20, அதாவது ஒரு பக்கத்துக்கு மேலே ஐந்து, கீழே ஐந்து. ஐந்துக்குப் பின்னால் ஆறாவதாக ஒன்று தலைகாட்டினால் அது பால்பல் இல்லை. ஆறு வயதை ஒட்டி முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் அது. எந்தப் பல்லும் விழாமல் பின்னால் ஓசையின்றி வந்துவிடுவதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. "விழப்போற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க மெல்ல வேண்டிய பல் முளைத்த இரண்டு மூன்று வருடத்திலேயே சொத்தையாகிவிடுகிறது. அதன் மேற்புறம் ஆழமான பள்ளங்களோடு இருக்கும், பிரஷ்ஷின் நுனி அடிவரை போகாது. அந்தப் பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடிவிடும் முறை உண்டு, வலி இல்லை. உங்கள் பிள்ளைக்கு அது தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

விழப்போகும் பல்லும் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. பால்பல்லின் எனாமல் மெல்லியது, சொத்தை சீக்கிரம் கூழை எட்டிவிடும். கடைவாய்ப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. காலத்துக்கு முன்பே போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும், கீழிருந்து வரும் பல் நெருக்கியடித்துக்கொண்டு கோணலாக முளைக்கும்.

பல் துலக்குவதில் என் ஒரே வேண்டுகோள் இரவு நேரம். காலையில் எல்லா வீட்டிலும் நடந்துவிடுகிறது, இரவில்தான் தவறிப்போகிறது. ஏழெட்டு வயது வரை பிள்ளை தானாகத் துலக்கிய பிறகு நீங்களும் ஒரு முறை துலக்கிவிடுங்கள். அந்த வயதில் கை அவ்வளவு நுணுக்கமாகத் திரும்பாது. பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்து மென்மையாக, இரண்டு நிமிடம். பேஸ்ட் மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு, அவ்வளவுதான். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். ஃப்ளோரைடு பல்லுக்கு நல்லது, ஆனால் சின்ன வயதில் தொடர்ந்து அதிகம் விழுங்கினால் பிறகு வரும் பல்லில் திட்டுகள் விழும். துலக்கியதும் துப்பச் சொல்லுங்கள், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடு போய்விடும்.

ஈறைப் பற்றி உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன். துலக்கும்போது ரத்தம் வந்தால் நம்மில் பலர் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறோம். செய்ய வேண்டியது நேர் எதிர். 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதையே நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி, அதாவது ஈறு சிவந்து வீங்கி எளிதில் ரத்தம் கசியும் நிலை, வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம், பத்து நாளில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. ரத்தக்கசிவு இந்தக் கட்டத்தில் இருக்கும் வரை முழுமையாக மீண்டுவிடலாம். படிவு இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷ்ஷுக்கு அசையாது, மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அதையும் விட்டால் ஈறு பல்லிலிருந்து பிரிந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். போன எலும்பு தானாகத் திரும்பாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் கடுமையாகும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் எளிதில் கட்டுக்குள் வராது. புகைப்பவர்களுக்கு ரத்தக்கசிவு குறைவாகத் தெரிவதால் நோய் இருப்பதே புலப்படாமல் போகும்.

பள்ளியில் நாங்கள் செய்யப்போவது இது. மதிய உணவு முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிப்பார்கள். கன்னத்தில் கைவைத்திருக்கும் பிள்ளையிடம் ஆசிரியர் முதலில் பல் வலிக்கிறதா என்றுதான் கேட்பார், நானும் அப்படித்தான் கேட்பேன். பல் மருத்துவரிடம் போக விடுப்பு வேண்டுமென்றால் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், வருகையில் கைவைக்க மாட்டோம். இன்றிரவு பார்த்ததில் வெள்ளைக் கோடோ, குழியோ, ஆறாவது பல்லோ தென்பட்டிருந்தால் பிள்ளையின் நாட்குறிப்பில் எழுதி அனுப்புங்கள். வகுப்பாசிரியர் கவனித்துக்கொள்வார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: விளையாடும்போது நிரந்தரப் பல் வேரோடு விழுந்துவிட்டால் நிமிடக் கணக்குதான் முக்கியம். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் ஒரு முறை லேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். முடிந்தால் அதே குழியில் பொருத்தி மெதுவாகக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு, தண்ணீரில் அல்ல, அரைமணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். விழுந்தது பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது, கீழே வளரும் பல்லுக்குச் சேதம் ஆகும். எங்கள் விளையாட்டு ஆசிரியர்களிடமும் இதைச் சொல்லிவைத்திருக்கிறேன்.