நடுவில் விட்டுப்போன இருபது வருடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூளை எப்படிப் பார்க்கிறது என்று ஆராய்ந்த ஹூபல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகளைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1958-இல் அமெரிக்காவின் பால்டிமோரில், பூனைக்குப் படம் காட்டிய கண்ணாடித் தகட்டின் விளிம்பு நிழல் திரையில் நகர்ந்ததும் பூனையின் மூளைச் செல் ஒன்று படபடவென்று துடித்ததே, அந்தக் கதை நன்றாகவே வந்திருக்கிறது. அப்புறம் நேராக 1981 நோபலுக்குத் தாவி, இதனால் சாதாரண ஜனங்களுக்கு என்ன பயன் என்று கேட்டு முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

நடுவில் விட்ட வருடங்களில்தான் ஐயா விஷயமே இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில், கண் திறக்காத பூனைக்குட்டியின் ஓர் இமையைத் தைத்து மூடினார்கள். சில மாதம் கழித்துப் பிரித்தால் கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அதற்குப் பதில் சொல்ல ஒரு சில செல்களே மிஞ்சியிருந்தன. மற்றவற்றைத் திறந்திருந்த கண் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பூனைக்கு அப்படி மூடியபோது ஒன்றும் ஆகவில்லை. அதாவது, சின்ன வயசில் பார்க்காத கண்ணைத்தான் மூளை கைவிடுகிறது.

என் மகனுக்கு வலது கண் சோம்பேறிக் கண், அதாவது அந்தக் கண் காட்டுவதை மூளை சரியாக எடுத்துக்கொள்ளாத குறை. வளர வளரச் சரியாகிவிடும் என்று ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார். பள்ளிப் பரிசோதனையில் இரண்டு கண்ணாலும் பார்த்து சார்ட்டைப் படித்தான், 'நார்மல்' என்று எழுதித் தந்தார்கள். பிறகு பார்த்த டாக்டரம்மா இடது கண்ணைப் பொத்தியதும் முதல் வரிப் பெரிய எழுத்தே அவனுக்குத் தெரியவில்லை. சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணை மூடி தினமும் பேட்ச் ஒட்டினோம். பிரிக்கும்போது புருவ முடியும் சேர்ந்து வரும், அழுவான். பச்சைப் பிள்ளையை ஏன் படுத்துகிறாய் என்று சொந்தக்காரர்கள் என்னைத்தான் திட்டினார்கள்.

கண்ணைக் கட்டுவது பழைய வைத்தியம்தான். ஆனால் காலம் கடத்தக்கூடாது என்பதற்குக் காரணம் காட்டியது அந்தப் பூனைக்குட்டி. பிறவிக் கண்புரையைக் கைக்குழந்தையிலேயே எடுக்க டாக்டர்கள் அவசரப்படுவதும் இதனால்தான். இது பயனில்லாத ஆராய்ச்சியா?

ராசிபலனுக்கு இரண்டு பக்கம் தருகிறீர்கள், அறிவியலுக்கு அரைப் பக்கம். நோபல் வந்தால்தான் விஞ்ஞானி படமே வருகிறது. இதைப் பற்றி முன்பும் எழுதினேன், பதில் இல்லை. பல வருட வாசகி என்ற உரிமையில் சொல்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, ஒன்று மட்டும் செய்யுங்கள். பள்ளியில் சேர்க்கும் முன்பே பிள்ளையின் கண்களை ஒவ்வொன்றாகப் பொத்திப் பரிசோதிக்கச் சொல்லி, அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, திண்டுக்கல்