பூமி எப்படி உறைய ஆரம்பித்தது: செந்திலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செந்தில்,

நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல், அவர்கள் மறந்துவிடுவார்கள். இங்கே பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. சின்னவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவிக்குத் தடை. அதனால் ராத்திரியில் எனக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது, படித்ததெல்லாம் நீ போன கடிதத்தில் கொளுத்திப் போட்ட கேள்வியைப் பற்றித்தான்: பூமி முழுக்க ஒரு காலத்தில் உறைந்து கிடந்தது என்கிறார்களே, அதை எது ஆரம்பித்து வைத்தது?

அந்த உறைவு எப்படி முடிந்தது என்ற கதை கொஞ்சம் சுலபம். அமெரிக்கப் புவியியலாளர் ஜோ கிர்ஷ்விங்க் 1992-இல் ‘பனிப்பந்து பூமி’ என்று பெயர் வைத்தபோதே, பனிக்கு மேலே தலை நீட்டும் எரிமலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கரியமில வாயுவைக் கக்கிக் கக்கி அந்தப் பனியை உருக்கியிருக்கும் என்று சொல்லிவிட்டார். ஆரம்பம்தான் சிக்கல்.

பிசிக்ஸ் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், எனக்கு வருவது அதுதான். 1969-இல் லெனின்கிராடில் புடிகோ, அமெரிக்காவில் செல்லர்ஸ், காலநிலை விஞ்ஞானிகள் இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே மாதிரி எளிய மாடலைப் போட்டார்கள். வரும் வெயில், திரும்பிப் போகும் வெப்பம், அட்சரேகைக்கு அட்சரேகை கடத்தப்படும் வெப்பம், அவ்வளவுதான். திறந்த கடல் தன்மேல் விழும் வெயிலில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது, புதுப்பனி பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பிவிடும். அதனால் பனி பரவினால் குளிரும், குளிர்ந்தால் இன்னும் பரவும். எங்கள் எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு இதைப் பைத்தானில் எழுதிக் காட்டுவேன். வெயிலைத் துளித்துளியாகக் குறைத்தால் பனிக்கோடு துருவத்திலிருந்து நிதானமாக இறங்கி வரும், பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும், அப்புறம் ஒரே ஒரு படியில் திரை முழுக்க வெள்ளையாகிவிடும். வெயிலைப் பழைய அளவுக்குத் திருப்பி ஏற்றினாலும் அந்த வெள்ளை போகாது. புடிகோவின் கணக்கில் வெயில் 1.6 சதவீதம் குறைந்தாலே போதும், பனி 50 டிகிரி அட்சரேகைக்கு வந்துவிடும், அதற்கு மேல் அதை நிறுத்த முடியாது. பிறகு வந்த மாடல்கள் அவ்வளவு பயமுறுத்தவில்லை, பனி 30 டிகிரி வரைக்கும் வந்தால்தான் ஆபத்து என்று பல மாடல்கள் சொல்கின்றன. பூமியின் பரப்பில் சரிபாதி 30 டிகிரி வடக்குக்கும் 30 டிகிரி தெற்குக்கும் நடுவில்தான் கிடக்கிறது என்பதை வைத்து யோசித்தால், அங்கே பனி கால் வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே புரியும்.

ஆனால் வெயில் திடீரென்று குறையவில்லையே! 72 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த உறைவு தொடங்கிய சமயத்தில், சூரியன் இன்றைக்கு விட ஏறக்குறைய 6 சதவீதம் மங்கல் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு முந்தைய நூறு கோடி ஆண்டு அதைவிட மங்கலாக இருந்தபோது பூமி உறையவில்லை. ஆக, குறைந்தது கரியமில வாயுவாகத்தான் இருக்க வேண்டும். இங்கேதான் உன் பாறைகள் வருகின்றன. மழைநீரில் கரைந்த கரியமில வாயு சிலிக்கேட் பாறையை அரிக்கும், கால்சியம் கடலுக்குப் போய்ச் சுண்ணாம்புக்கல்லாகப் படியும், வாயு அதோடு பூட்டப்பட்டுவிடும். வெப்பமும் மழையும் அதிகமானால் அரிப்பு வேகமாகும், குளிர்ந்தால் மந்தமாகும். இஸ்திரிப் பெட்டியில் தானாக அணைந்து எரியும் தெர்மோஸ்டாட் மாதிரி என்று வைத்துக்கொள். வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் 1981-இல் எழுதியது இதுதான்.

அப்படியானால் அந்தத் தெர்மோஸ்டாட் அன்றைக்கு ஏன் கைகொடுக்கவில்லை? ‘யார் குற்றவாளி’ என்று தேடுவதைவிட இதுதான் சரியான கேள்வி என்று எனக்குப் படுகிறது. எனக்குத் திருப்தியான பதில், கண்டங்கள் இருந்த இடம். இன்றைக்கு உலகம் குளிர்ந்தால் கனடாவும் சைபீரியாவும் முதலில் பனிக்கடியில் போகும், அங்கே அரிப்பு நிற்கும், வாயு மறுபடி சேரும், பிரேக் விழும். அன்றைக்கு ரோடினியா என்ற பெருங்கண்டம் உடைந்து, துண்டுகளில் பெரும்பாலானவை வெப்பமண்டலத்தில் கிடந்தன. துருவக் கடலெல்லாம் உறைந்தாலும் நிலத்தில் மழை பெய்துகொண்டே இருக்கும், வாயு கரைந்துகொண்டே இருக்கும். பிரேக் விழவேண்டிய நேரத்தில் பனி ஏற்கெனவே 30 டிகிரியைத் தொட்டிருக்கும்.

டொனாடியூவும் சகாக்களும் 2004-இல் இதை மாடலில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரே கண்டமாக இருந்தபோது உள்நாடு வறண்டு கிடக்கும், உடைந்ததும் கடல் பக்கத்தில் வந்து மழை கொட்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே கரியமில வாயு 1,320 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 1,320 பங்கு) இறங்கியது. ஆனாலும் பூமி முழுதாக உறையவில்லை. உடைப்பின்போது எரிமலைக் குழம்பாகக் கொட்டி இறுகிய பசால்ட் பாறைகளின் அரிப்பையும் சேர்த்த பிறகுதான் உறைந்தது. நாக்பூர் பக்கம் நீ மிதித்துத் திரிந்தாயே, பசால்ட் மக்கி மக்கி உண்டான அந்தக் கரிசல், அதே வேலைதான் அங்கேயும். கிரானைட்டைவிட பசால்ட் வெகு சீக்கிரம் அரிபடும்.

வட கனடாவின் ஃபிராங்க்ளின் எரிமலைப் பாறைகள்தான் இதில் முக்கியச் சந்தேக நபர், அப்போது அவை பூமத்திய ரேகை அருகே இருந்தன. 2017-இல் மெக்டொனால்டும் வேர்ட்ஸ்வர்த்தும் வேறு யோசனை சொன்னார்கள்: அந்தக் குழம்பு கந்தகம் நிறைந்த படிவுகளைத் துளைத்து வந்தது, கந்தகத் துளிகள் அடுக்கு மண்டலம் வரை ஏறி வெயிலை மறைத்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2022-இல் வந்த துல்லியமான வயதுக் கணிப்பில் அந்த எரிமலை, பனிக்கு 9 லட்சம் முதல் 16 லட்சம் ஆண்டுகள் முந்தியது. கந்தகத் துளி ஓரிரு வருஷத்தில் கீழே விழுந்துவிடும். அவ்வளவு காலம் காத்திருந்து வேலை செய்ய அரிப்பால்தான் முடியும், நான் அந்தக் கட்சி. 2024-இல் சிட்னிக்காரர்கள் நடுக்கடல் முகடுகளிலிருந்து வாயு வருவதே அப்போது குறைந்துவிட்டது என்றார்கள், அதுவும் இதற்குப் பகையில்லை, வரவு குறைந்து செலவு கூடியது என்று இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம்.

மாடல்களை முழுசாக நம்பிவிடாதே. வாயு எவ்வளவுக்குக் கீழே போனால் உறையும் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்லும். மேகத்தை எப்படிப் போடுகிறாய், காற்று கடல்பனியைத் தள்ளிக்கொண்டு போக விடுகிறாயா, பனிக்கட்டிக்கு எவ்வளவு வெள்ளை கொடுக்கிறாய், எல்லாமே விடையைப் புரட்டும். ஹாம்பர்க்கில் ஃபோய்க்ட், மரோட்ஸ்கே இருவரும் 2010-இல் இன்றைய கண்டங்களை வைத்தே ஓட்டியதில் வெயில் இன்றைய அளவில் 91-இலிருந்து 94 சதவீதத்துக்குள் வந்தபோது பூமி உறைந்தது. புடிகோவின் 1.6-ஐ நினைத்துப் பார்!

எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்று. தக்காணப் பசால்ட்டும் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கொட்டி, பிறகு பூமத்திய ரேகையைத் தாண்டித்தானே வந்தது, மழையில் ஊறித்தானே கிடந்தது? உலகம் குளிர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்கிறார்கள், ஆனால் பூமி முழுதாக உறையும் அளவுக்குப் போகவில்லை. சூரியன் கூடுதல் பிரகாசம், வடக்கே நிறைய நிலம், இவை போதுமான காரணமா? பாறைக்காரன் நீதான் சொல்ல வேண்டும். அந்த நாக்பூர்க் கரிசல் எத்தனை அடி ஆழம் வரை மக்கியிருந்தது என்று ஞாபகம் இருந்தால் அதையும் எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாய்தானே?

அன்புடன்,
பாஸ்கர்