ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு: எங்க பிள்ளைக வயசு கலந்து உக்காந்து படிக்க அனுமதி கேட்டு மனு

அனுப்புனர்:
பள்ளி மேலாண்மைக் குழு பெற்றோர்கள்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
பழனி மலை, கீழ்மலைப் பகுதி.

பெறுநர்:
தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்கள்,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்,
கல்லூரிச் சாலை, சென்னை - 6.

பொருள்: ஈராசிரியர் பள்ளியில 1 முதல் 5 வரை பிள்ளைகள ஒண்ணா வச்சு அட்டை, ஏணிப்படி முறையில (பாடத்த சின்னச் சின்னப் படியாப் பிரிச்சு ஏணி மாதிரி வரைஞ்சு, ஒவ்வொரு படிக்கும் அட்டை வச்சு, பிள்ளை தன் வேகத்துல படிக்கிற செயல்வழிக் கற்றல் முறை) சொல்லிக்கொடுக்க எழுத்துப்பூர்வமா அனுமதி வேண்டி.

மதிப்பிற்குரிய அய்யா, வணக்கம்.

நாங்க எல்லாரும் காப்பித் தோட்டத்துல வேலை பாக்குறவங்க. மனு பாஷை எங்களுக்குப் பழக்கமில்ல, பேசுற மாதிரியே போன்ல டைப் பண்ணி அனுப்புறோம், பொறுத்துக்கங்க.

எங்க ஸ்கூல்ல மொத்தம் 27 பிள்ளைக. ஒண்ணாவதுல 4, ரெண்டாவதுல 7, மூணாவதுல 5, நாலாவதுல 6, அஞ்சாவதுல 5. தலைமை ஆசிரியரையும் சேத்து டீச்சர் ரெண்டே பேரு. 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர்தான்னு கல்வி உரிமைச் சட்டம் சொல்றது எங்களுக்கும் தெரியும், மூணாவது டீச்சர் கேட்டு இத எழுதல. இருக்குற ரெண்டு பேர வச்சே நல்லா நடந்துக்கிட்டிருந்த ஒரு முறைய நிறுத்திட்டாங்க, அத திரும்ப ஆரம்பிக்க ஒரு உத்தரவு குடுங்கன்னுதான் கேக்குறோம்.

கொரோனா முடிஞ்சு ஸ்கூல் திறந்தப்போ பிள்ளைக எழுத்தயே மறந்து போய் வந்தாங்க. நாலாவது படிக்கிற பையனுக்கு தன் பேரு எழுத வரல, ஆனா ரெண்டாவது படிக்கிற ஒரு பிள்ளை வீட்டுல அக்கா சொல்லிக்குடுத்து சரளமா வாசிச்சுச்சு. அப்ப எங்க டீச்சரம்மா, பழைய செயல்வழிக் கற்றல் பயிற்சி எடுத்தவங்க, ஸ்டோர் ரூம்ல கெடந்த அட்டைகளயெல்லாம் எடுத்து தொடச்சாங்க. 2018லயும் 2019லயும் புத்தகம் மாறிட்டதால பாதி அட்டை பொருந்தல, அதுக்கு ராத்திரி உக்காந்து சார்ட் பேப்பர்ல அவங்களே புதுசா எழுதுனாங்க. அஞ்சு வகுப்பும் ஒரே ரூம்ல பாயில உக்காந்துச்சு. டீச்சர் முழுசா உதவி பண்ற குழு, பாதி உதவி பண்ற குழு, பிள்ளைக்கு பிள்ளை சொல்லிக்குடுக்குற குழு, தானே படிக்கிற குழுன்னு பிரிச்சுக்கிட்டாங்க, எந்தக் குழுவுலயும் எல்லா வயசும் இருக்கும். வந்ததும் பிள்ளைகளே சுயவருகைப் பதிவேட்டுல குறிச்சுட்டு, ஏணிப்படியில தான் நிக்கிற படியப் பாத்து அந்த சின்னம் போட்ட அட்டைய எடுத்துட்டு வந்து உக்காந்துரும்.

இத டைப் பண்ற நான் ஒரு நாள் சத்துணவுக்கு கீரை குடுக்கப் போனப்ப ஜன்னல் வழியா பாத்தேன். நாலாவது படிக்கிற ஒரு பையன் ரெண்டாவது பிள்ளைக்கு 43ல 17 கழிக்கச் சொல்லிக்குடுத்துட்டு இருந்தான். பத்துப் பத்து ஈர்க்குச்சியா ரப்பர் பேண்டு போட்ட கட்டு நாலு, உதிரி மூணு. அந்தப் பிள்ளை மூணு உதிரியிலேருந்து ஏழ எப்படி எடுக்குறதுன்னு முழிச்சுச்சு. இவன் ஒண்ணும் சொல்லாம கொஞ்ச நேரம் பாத்துட்டு "ஒரு கட்டப் பிரி"ன்னான். பிரிச்சதும் உதிரி பதிமூணு ஆச்சு, அதுல ஏழு எடுத்துச்சு, ஒரு கட்டு எடுத்துச்சு, 26னு எழுதிட்டு அவன் மூஞ்சியப் பாத்துச்சு. பக்கத்து வீட்டுல ஒண்ணு கடன் வாங்குன்னு நாங்க படிச்சோமே, ஏன் கடன் வாங்குறோம்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது. அந்தப் பையன் முந்தின வருஷம் கணக்குல ரொம்ப பின்னாடி இருந்தவன், சொல்லிக்குடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் அவனுக்கே கணக்கு புடிச்சுச்சு.

இன்னொரு விஷயம் எங்கள மாதிரி ஊருக்குத்தான் நல்லாப் புரியும். நவம்பர்லேருந்து ஜனவரி வரைக்கும் காப்பிப் பழம் பறிப்பு. வேற எஸ்டேட்டுக்குப் போறவங்க பிள்ளையவும் கூட்டிட்டுத்தான் போகணும், வீட்டுல பாத்துக்க ஆள் கிடையாது. அப்படி அஞ்சு வாரம் போயிட்டு வந்த ஒரு மூணாவது பிள்ளை, வந்த அன்னைக்கே ஏணிப்படியில தன் இடத்தத் தேடி, விட்ட அட்டையிலேருந்து ஆரம்பிச்சுச்சு. யாரும் திட்டல, அதுக்கும் பயம் இல்ல.

இப்படி மூணு வருஷம் நடந்துச்சு. அப்புறம் ஆய்வுக்கு வந்த ஒரு அலுவலர், அஞ்சாவது படிக்கிறவன் ஏன் ஒண்ணாவது பிள்ளையோட உக்காந்திருக்கான், வகுப்புவாரியா பிரிச்சு வரிசையா உக்கார வைங்கன்னு சொல்லிட்டு பதிவேட்டுலயும் எழுதிட்டுப் போயிட்டார். அவர் மேல எங்களுக்கு கோபம் இல்ல, அரை மணி நேரம் பாக்குறவருக்கு அது சத்தமாத்தான் தெரியும். ஆனா அன்னைலேருந்து அட்டையெல்லாம் சாக்குல கட்டி ஸ்டோர் ரூமுக்குப் போயிருச்சு, எலி கடிச்சுக்கிட்டிருக்கு.

இப்ப என்ன நடக்குதுன்னா, தலைமை ஆசிரியர் மீட்டிங்குக்குப் போயிடுவார், இல்லன்னா எமிஸ்ல (பள்ளி, பிள்ளைக விவரம் ஏத்துற அரசு இணையதளம்) பதிவு போட நெட்வொர்க் கிடைக்கிற மேட்டுக்கு ஏறுவார், அவர குத்தம் சொல்ல முடியாது, அதுவும் அவர் வேலைதான். அந்த நேரம் ஒரே டீச்சர் அஞ்சு வரிசைக்கும் ஓடணும். ஒரு வரிசைக்குப் பாடம் நடந்தா மத்த நாலு வரிசையும் கையக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கணும். ஒரு நாள்ல அஞ்சு மணி நேரம் பாடம்னு வச்சாலும் ஒரு பிள்ளைக்கு கிடைக்கிறது ஒரு மணி நேரம்தான். அதே மூணாவது பிள்ளை இப்ப நாலாவது, இந்தத் தடவை பறிப்பு முடிஞ்சு வந்தப்ப புத்தகம் மூணு பாடம் தாண்டிப் போயிருச்சு. ரெண்டு நாள் போச்சு, மூணாவது நாள் வயித்த வலின்னு படுத்துக்கிச்சு. அது என் பிள்ளைதான் அய்யா.

நாங்க கேக்குறது வெளிநாட்டு முறை இல்ல, துறையே நடத்துன முறைதான். ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலியில, சுத்துப்பட்டு கிராமத்துல இருக்குற ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவான முறை இது. அதப் பாத்துட்டு வந்துதான் 2003ல திரு. எம்.பி. விஜயகுமார் அவர்கள் சென்னை மாநகராட்சி ஆணையரா இருந்தப்ப 13 மாநகராட்சிப் பள்ளியில ஆரம்பிச்சாங்க, 2007-08ல தமிழ்நாடு முழுக்க வந்துச்சு. இன்னைக்கு நடக்குற எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும் 1, 2, 3 வகுப்புப் பிள்ளைகள வகுப்ப வச்சு இல்லாம அரும்பு, மொட்டு, மலர்னு நிலைய வச்சுத்தானே பிரிக்கிறீங்க? கல்வி உரிமைச் சட்டம் 29வது பிரிவும் செயல்பாடு மூலமா, குழந்தைய மையமா வச்சு, பயமில்லாம படிக்கணும்னுதான் சொல்லுது. டீச்சரம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. மரியா மாண்டிசோரி அம்மையார் ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இதே மலையில, மேல கொடைக்கானல்ல இருந்தப்ப, பல வயசுப் பிள்ளைகள ஒண்ணா வச்சுத்தான் பள்ளி நடத்துனாங்களாம். காசு உள்ளவங்க இன்னைக்கு டவுன்ல ஆயிரக்கணக்குல ஃபீஸ் கட்டி அந்த வயசு கலந்த வகுப்புக்குத்தான் பிள்ளைய அனுப்புறாங்க. எங்க பிள்ளை அப்படி உக்காந்தா மட்டும் அது குறையாத் தெரியுது.

அந்த முறையில குறையே இல்லன்னு சொல்ல வரல. பிள்ளைக அட்டைய மாத்திக்கிட்டே இருக்கு, கையெழுத்து நல்லால்லன்னு எங்கள்ல சில பேரே முன்னாடி சண்டை போட்டிருக்கோம். 40 பிள்ளைய ஒரு டீச்சர் அட்டைய வச்சு சமாளிக்கிறதும் கஷ்டம்தான், அந்த மாதிரி ஸ்கூல்ல அவங்க பட்ட பாடு நிஜம். எங்களுக்கு ரெண்டு டீச்சருக்கு 27 பேருதான். இவ்வளவு சின்ன ஸ்கூலுக்கு இதவிட ஏத்த முறை வேற ஒண்ணு எங்களுக்குத் தெரியல.

அதனால, எங்கள மாதிரி ஈராசிரியர் பள்ளிக, டீச்சரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் விரும்பினா, அஞ்சு வகுப்பையும் ஒண்ணா வச்சு நடத்தலாம்னு எழுத்துல ஒரு உத்தரவு போடுங்க, ஆய்வுக்கு வர்றவங்களுக்கும் அந்த நகல் போகணும், இதுதான் முதல் கோரிக்கை. இப்ப உள்ள புத்தகத்துக்குப் பொருந்துற மாதிரி புது அட்டை அச்சடிச்சு ஒரு செட் குடுங்க, டீச்சர் சம்பளக் காசுல சார்ட் வாங்குறத பாத்துக்கிட்டு எங்களால சும்மா இருக்க முடியல. ஆய்வு பண்றப்ப பிள்ளை எந்த வகுப்புன்னு மட்டும் பாக்காம, ஜூன்ல எந்தப் படியில நின்னுச்சு, இப்ப எந்தப் படியில நிக்குதுன்னு கேக்கச் சொல்லுங்க. டீச்சருக்கு மாறுதல் வந்தா, வர்ற டீச்சரும் இவங்களும் ஒரு மாசமாவது சேந்து வேலை பாக்க வழி பண்ணுங்க. எங்க பக்கத்துலேருந்து பாய், தாழ்வான கரும்பலகைக்கு பெயிண்ட், பிள்ளைக எழுதுனத தொங்க விடுற கம்பிப் பந்தல் எல்லாம் நாங்களே செஞ்சு தர்றோம், போன கூட்டத்துல தீர்மானமும் போட்டுட்டோம், நகல் இணைச்சிருக்கோம்.

ஜூன்ல ஸ்கூல் திறக்குறதுக்கு முன்னாடி உத்தரவு வந்தா சாக்க அவுத்து அட்டைகள வெயில்ல போட்டு எடுத்துருவோம். நீங்களோ உங்க பிரதிநிதியோ ஒரு நாள் வந்து பாருங்க, ஆனா அரை மணி நேரம் இல்ல, காலையில மணி அடிக்கிறதுலேருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் கூடவே உக்காருங்க அய்யா.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு பெற்றோர்கள்

இணைப்பு: குழுத் தீர்மான நகல், 22 பெற்றோர் கையெழுத்து