மண் எவ்வளவு இறங்கும் என்பதற்கு ஒற்றை எண் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலத்தை ஒட்டிய சாலை இறங்கிப்போய் வண்டிகளைத் தூக்கிப் போடுவதைப் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். பழி முழுவதையும் குத்தகையாளர் தலையில் போட்டிருக்கிறீர்கள். சில இடங்களில் அது சரியாகவும் இருக்கலாம், ஆனால் சேற்றுக் களிமண்மேல் சாலைக்கு மண் கொட்டி உயர்த்தும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: மண் எவ்வளவு இறங்கும் என்று போடும் கணக்கிலேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

நம் ஜொகூர் மாநிலத்து மூவாரையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்காக அங்கே சோதனைக் கரைகள், அதாவது சாலைக்கு மண் கொட்டி உயர்த்தும் மேடுகள், கட்டினார்கள். அதில் ஒன்றை இடிந்து விழும்வரை உயர்த்துவது என்று திட்டம். எந்த உயரத்தில் விழும், அதற்குள் எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும்படி வெளிநாட்டு வல்லுநர்களைக் கேட்டார்கள். 1989இல் கோலாலம்பூரில் அதற்கென்றே ஒரு மாநாடும் நடந்தது. கரை விழுந்தது 5.4 மீட்டரில். எல்லோர் கையிலும் இருந்தது ஒரே மண் ஆய்வுத் தகவல்தான், ஆனாலும் கணிப்புகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நின்றன. மேலே சுமார் 2 மீட்டருக்குக் காய்ந்து இறுகிய மண், அதற்குக் கீழே ஆழமாக இளகிய களி. அந்த மேல் மண்ணின் பலத்தை எவ்வளவு என்று எடுப்பது என்பதிலேயே கருத்து வேறுபாடு வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். களி இறங்குவது உள்ளே இருக்கும் தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறுவதால்தான். தண்ணீர் போக வேண்டிய தூரம் பாதியானால் நேரம் கால்வாசியாகிவிடும். 10 மீட்டர் களியின் மேலும் கீழும் தண்ணீர் எளிதாக வெளியேற மணல் இருக்கிறது, இறங்கி முடிய 20 வருடம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டநடுவில் விரல் தடிமனுக்கு இடைவிடாத ஒரு மணல் படிவம் இருந்துவிட்டால் தூரம் பாதியாகி அது 5 வருடம்தான். இருநூறு மீட்டருக்கு ஒரு மண் ஆய்வுத் துளை போட்டுவிட்டு அந்த மணல் அங்கே தொடர்ந்து ஓடுகிறதா, பாதியில் அறுந்துவிட்டதா என்று யாரால் சொல்ல முடியும்?

நான் இருந்த ஒரு தளத்தில் வடிவமைப்பு அறிக்கை 'இறக்கம் 800 மில்லிமீட்டர்' என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. அந்த எண்ணை நம்பித்தான் தார் போடும் தேதியைக் குறித்தோம். தார் போட்ட பிறகும் மண் இறங்கிக்கொண்டே இருந்தது, மேலே மேலே ஒட்டுப் போட்டதுதான் மிச்சம். 600 முதல் 1,100 வரை போகலாம், 900ஐத் தாண்ட இவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தால் இறக்கம் முன்கூட்டியே முடியட்டும் என்று இன்னும் சில மாதம் கூடுதல் மண்பாரம் ஏற்றிக் காத்திருந்திருப்போம். மண் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கக் கரைக்கு அடியில் வைக்கும் அளவுத் தட்டுகளில் வாராவாரம் எடுக்கும் அளவை வைத்துக் கணிப்பைத் திருத்திக்கொண்டே போகும் முறையை ஜப்பானின் மண் பொறியியல் ஆய்வாளர் அசாவோக்கா 1978இலேயே எழுதி வைத்திருக்கிறார். அதற்கு ஒரு வரைபடத் தாள் போதும்.

அடுத்த முறை இப்படி ஒரு சாலையைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபர் எத்தனை துளை போட்டார்கள், எவ்வளவு இடைவெளியில் போட்டார்கள் என்று கேட்கட்டும். தார் போடும் நாளில் தட்டு காட்டிய அளவு என்ன என்பதையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தளப் பொறியாளர் ஒருவர், ஜொகூர்