புதிய அரசுக்கு நமது மகஜர்

அன்பான வணிகர் சங்க அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

2024 நவம்பர் 14 இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் 159 ஆசனங்கள் பெற்ற அரசிடம் நாம் கையளிக்கும் மகஜர் (கோரிக்கை மனு) இந்த வாரம் முடிந்தாக வேண்டும். வரிச்சலுகை பற்றிய பக்கங்களைச் சுருக்கலாம். குளிர்களஞ்சியக் கோரிக்கையில் ஒரு வரியும் குறையக்கூடாது. சென்ற மாரியில் என் கடைப் பின்கட்டில் அடுக்கியிருந்த சின்ன வெங்காயம் ஈரத்தில் முளைவிட்டது. மூடையை அவிழ்த்தபோது பாதி கையிலேயே நசிந்தது. தோட்டக்காரருக்குக் காசு கொடுத்துத்தானே வாங்கினோம்!

2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பலோடு சரக்குக் கப்பலும் வரவேண்டும். 1990இல் மூடப்பட்ட காங்கேசன்துறை சீமெந்து ஆலையின் காணியில் நமது பிள்ளைகளுக்கு வேலை தரும் தொழிற்சாலைகளையும் கேட்கிறோம்.

அழுகிய சரக்கு, வங்கிக் கடன் வட்டி இரண்டின் கணக்கையும் வெள்ளி மாலைக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். தோராயம் வேண்டாம், பற்றுச்சீட்டுப் படத்தோடு அனுப்புங்கள்.